குயிலின் முதல் அத்தியாயம்

ஓர் ஆண்குயிலுக்குச் சுயசரிதை எழுத ஆசை வந்தது. முட்டையிலிருந்து இன்றுவரை ஒன்றையும் விடக்கூடாது என்று முடிவு செய்தது. ஆனால் சின்ன வயது எதுவும் அதற்கு நினைவில்லை. வேப்பமரத்துக் காக்கையின் கூட்டில் வளர்ந்ததாகக் கேள்விப்பட்டிருந்ததால் அதைத் தேடிப் போனது.

"அக்கா, நீங்க வளர்த்த குஞ்சுகளோட கதையை முழுசாச் சொல்லுங்க. எழுதணும்."

"முழுசா யாருக்குப்பா ஞாபகமிருக்கு? எங்கிட்ட ஒரே ஒரு நாள்தான் இருக்கு."

ஒரு நாளை வைத்து என்ன செய்வது என்று குயிலுக்குப் புரியவில்லை. இருந்தாலும் கேட்டது.

"என் கடைக்குட்டி பசி தாங்காது. அன்னைக்கு நல்ல மழை. நனைஞ்சுகிட்டே இட்லித் துண்டு கொண்டுவந்தேன். வாயைத் திறந்து குக்கூன்னுச்சு. குயில் குரல்னு மத்த காக்கைங்க எல்லாரும் பாய்ஞ்சு கொத்தினாங்க. இட்லியைக் கீழே போட்டுட்டு நானும் கொத்தினேன்."

அது தன்னைப் பற்றிய கதைதான் என்று குயிலுக்குத் தெரிந்தது. ஆனால் அதில் எதுவும் அதற்கு நினைவில்லை. அதை எப்படித் தன் சுயசரிதையில் எழுதுவது?

"அந்த நாளை நீங்களே எழுதுங்க."

"மத்த நாளெல்லாம் தெரியாதே?"

"நினைவுக்குறிப்புன்னு எழுதினா, ஒரு நாள் போதும்."

காக்கை அதன் சிவந்த கண்களைப் பார்த்தது. "என் கடைக்குட்டி எங்கேயாவது நல்லா இருக்கும், இல்லப்பா?"

"நல்லா இருக்கு, அம்மா."

காக்கை கொஞ்சம் நகர்ந்து கிளையில் இடம் விட்டது. உட்காருவதா, பறந்துவிடுவதா என்று தெரியாமல் குயில் நின்றுகொண்டே இருந்தது.