ஒரு நகலுக்குத்தான் இடம்

மார்ச் பதினான்கு என்று மறுபடியும் தட்டித் தேடினான்.

எதுவும் வரவில்லை.

பெண்கள் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளெல்லாம் பதிவாகும் சர்வர், மதியம் ஒன்று இருபதுக்கு டக் டக்கென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது.

தினமும் ஒரு மணிக்கு பேக்கப் தானாக ஓடும். அந்த நேரத்தில்தான் அழைப்புகள் குறைவு. புருஷன்மார் வேலைக்குப் போயிருப்பார்கள்.

பேக்கப் டிஸ்கில் ஒரு நகலுக்குத்தான் இடம். முதலில் பழையது அழியும், பிறகு புதியது ஏறும். அப்படி ஓடும்படி எழுதி வைத்தவன் அவன்தான். இன்னொரு டிஸ்க் கேட்டு அனுப்பிய கடிதம் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. நடுவில் ஒரு மணி நேரம் பதிவுகளுக்கு முழு நகல் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டான்.

இன்று பழையது அழிந்தது. புதியதில் பாதிகூட ஏறவில்லை. ஏறியதில் மார்ச் பதினான்கு இல்லை.

வாசல் பெஞ்சில், இரண்டு மணிக்கு வந்து சேர்ந்த ஓர் அம்மாள் காத்திருந்தாள். கையில் கோர்ட் உத்தரவும் உறை பிரிக்காத பென் டிரைவும். அவள் மகள் முத்துச்செல்வி, புருஷன் வீட்டில் செத்துப்போவதற்கு முந்தின நாள், மார்ச் பதினான்கு அன்று, இந்த எண்ணுக்குப் பேசியிருந்தாள். வழக்குக்கு அந்தக் குரலைத்தான் நம்பியிருந்தார்கள்.

நேற்றே வந்தாள். அவன் பதிவைத் தேடி எடுத்து, சரிதானா என்று முழுவதும் கேட்டான். காப்பி எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். அவனுடைய ஆறு மணி பஸ் போய்விடும்.

நாளைக்கு வாங்கம்மா என்றான்.

பாவி, ஐந்தே நிமிடம்.

இப்போது வெளியே போய், பதிவு அழிந்துவிட்டது என்று சொன்னான். அவள் கத்தவில்லை. பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நேத்து நீங்க கேட்டீகளாய்யா? எம் பிள்ள என்ன சொன்னா?"

எல்லாம் நினைவிருந்தது. பெல்ட். வெளியே பூட்டிய கதவு. மூச்சு வாங்கும் சத்தம். அம்மாவுக்கு மூன்று தடவை போன் செய்ததும், மூன்று தடவையும் அனுசரிச்சுப் போ என்று அம்மா சொன்னதும்.

பக்கத்தில் உட்கார்ந்தான். பெல்ட்டில் தொடங்கினான். பூட்டிய கதவோடு நிறுத்திக்கொண்டான்.

"அவ்வளவுதாம்மா."

அவள் முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

"எனக்கு மூணு தடவ போன் போட்டாய்யா" என்றாள்.