பெயர் வர வேண்டிய இடம்

"அந்தப் பூவையெல்லாம் எடு. போறவருக்குப் பூ ஒண்ணுதான் குறைச்சல்!"

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு போனில் உத்தரவிட்டார். எதிரே கணினித் திரையில் பிரிவு உபசார பேனர் பளிச்சென்று நின்றது. ஓரமெல்லாம் பூங்கொத்து, நடுவில் புகைப்படத்துக்கு ஒரு வட்டம், அதன் கீழே பெயருக்கு ஒரு வெற்றுக் கோடு.

"எடுத்துடறேன் சார்," என்றாள் மறுமுனையில் டிசைனர்.

ஒன்பது மாதத்துக்கு முன்பு வரை அவள் இந்த விளம்பர நிறுவனத்தில்தான், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கூட இன்னும் மூன்று பேர். நால்வரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய பெருமை மேலாளரைச் சேரும்.

"ஆளை வெச்சு, நாற்காலி போட்டு, லீவும் கொடுத்துப் படம் வரைய வைக்கணுமா? வெளியில ஒரு குரல் கொடுத்தா ஆயிரம் ஃப்ரீலான்சர் ஓடி வருவான்," என்று முதலாளியிடம் அடித்துப் பேசியவர் அவர். இப்போது அவளே வீட்டிலிருந்தபடி, அவர் தூக்கிப் போடும் வேலையைச் செய்து அனுப்புகிறாள். அவளை அவர் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. வெறும் 'ஏம்மா'தான். அலுவலகத்தில் அவருக்கே 'திருத்தம்' என்று பட்டப்பெயர் ஓடுவது, அவரைத் தவிர அத்தனை பேருக்கும் தெரியும்.

பேனர் வேலையைத் திங்கட்கிழமைதான் முதலாளி சொன்னார். "வெள்ளிக்கிழமை ஒருத்தரை வழியனுப்பறோம். பேரும் போட்டோவும் நானே டிசைனருக்கு அனுப்பிக்கறேன். மத்ததை நீங்க பார்த்துக்குங்க."

அப்போதே, வெளியாட்களிடம் வேலை வாங்குவது எப்படி என்றும் விசாரித்தார். மேலாளர் தன் போனை நீட்டி விளக்கினார். வாடிக்கையாளர் அனுப்பும் செய்தியை டிசைனருக்குத் தள்ளிவிட வேண்டும். டிசைனர் அனுப்பும் படத்தை வாடிக்கையாளருக்குத் தள்ளிவிட வேண்டும்.

"இவ்வளவுதானா?" என்று முதலாளி புருவத்தை உயர்த்தினார். "ரொம்பச் சுலபமா இருக்கே!"

அந்தப் பாராட்டில் மேலாளர் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

யாரை வழியனுப்புகிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்பானேன்? தடுப்புக்கு அந்தப் பக்கம் மிச்சமிருப்பது ஒரே ஆள், பிழை திருத்துகிறவர். மேலாளர் எழுதும் நாலு வரியில் ஆறு இடத்தில் சிவப்பு மையால் சுழித்து அனுப்புகிற மகானுபாவர். 'அவரும் எதுக்கு, வெளியில கொடுத்துக்கலாமே' என்று முதலாளி காதில் மாதக்கணக்கில் ஓதியது வீண்போகவில்லை.

இப்போதும் அவர் குனிந்த தலை நிமிராமல் எதையோ சுழித்துக்கொண்டிருந்தார். பாவம், விஷயம் இன்னும் காதுக்கு எட்டவில்லை போலும். மேலாளர் அவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துவிட்டு, போனுக்குத் திரும்பினார்.

"ஏம்மா, 'ஈடு இணையற்ற சேவை'ன்னு யாரு எழுதினது?"

"முதலாளி அனுப்பினது சார்."

"அவர் இரக்கப்பட்டு எழுதுவார். இந்த ஆள் செஞ்ச சேவைக்கு ஈடும் வேணாம், இணையும் வேணாம். 'இத்தனை நாள் இருந்ததற்கு நன்றி'ன்னு போடு, போதும்."

"அப்படியே போட்டுடவா சார்?"

"போடு. கீழே என்ன அது, 'நம் குடும்பத்தில் ஒருவர்'? வெட்டு. ஆபீஸ்ல என்ன குடும்பம்? போட்டோவையும் பாதியாக் குறை. அந்த மூஞ்சியை அவ்வளவு பெரிசா யாரு பார்க்கறது?"

"சார்..." அவள் தயங்கினாள். "எல்லாத்தையும் எடுத்துட்டா பேனர் வெறிச்சுனு இருக்கும். எல்லார் முன்னாடியும் மேடையில நிக்கும்போது, போறவர் மனசு கஷ்டப்படாதா?"

மேலாளருக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ போனப்போ நான் பேனரா கட்டினேன்? ஒரு அட்டையாவது கொடுத்தேனா? நீ நல்லாத்தானே இருக்கே? வேலைக்கு ஆகாதவங்களை வழியனுப்பறதுக்கு இதுவே ஜாஸ்தி. சொன்னதைச் செய், ஆலோசனை கேட்டேனா?"

"சரிங்க சார். இதுதான் கடைசித் திருத்தமா?"

"ஆமா. முதலாளிக்கு நேரா அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கோ. நான் சொன்ன திருத்தம்னு மறக்காம சொல்லு."

அரை மணி கழித்து முதலாளி அறையிலிருந்து அழைப்பு வந்தது. பிழை திருத்துகிறவரிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்ல ஆள் தேடுகிறார் போல என்று மேலாளர் குஷியாக எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டு, முகத்தில் கொஞ்சம் துக்கத்தை வரவழைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டிசைனர்.

"சார், முதலாளி பேனரைப் பார்த்துட்டார். எல்லாம் உங்க திருத்தம்னு சொன்னேன். ரெண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டு, 'அவர் சொன்னபடியே இருக்கட்டும், ஒரு எழுத்து மாத்த வேணாம்'னுட்டார்."

"பார்த்தியா? அனுபவம்னா அதான்! அப்புறம் என்ன, அச்சுக்கு அனுப்பு."

"அனுப்பிடறேன் சார். ஒரே ஒரு சந்தேகம்தான்."

"சீக்கிரம் கேளு, முதலாளி கூப்பிடறார்."

"உங்க பேருக்கு முன்னாடி 'திரு' இருக்கட்டுமா, இல்ல அதையும் எடுத்துடவா?"