படிக்கட்டுக்கடியில் ஒரு குட்டித் தலையணை

படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன அறையின் சாவியைக் காணவே காணோம் என்று தையல்காரி அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாவி அவள் இடுப்பில்தான் செருகியிருந்தது.

கேஸ் கம்பெனி ஃபிட்டர் குழாயும் கருவிப் பையுமாக வாசலில் நின்றார். வீட்டுக்குள் இருக்கும் கேஸ் மீட்டர்களை எல்லாம் வெளிச்சுவருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே கசிந்தால் ஆபத்து, வெளியே என்றால் காற்றோடு போய்விடும். அவளுடைய அண்ணனுக்கும் அண்ணிக்கும் இதில் பரம சந்தோஷம், அவளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

காரணம் மீட்டர் இல்லை. மாதாமாதம் அதைப் பார்க்க வருகிற ஆள். மீட்டர் வெளியே போய்விட்டால் அவன் தெருவில் நின்றபடியே எண்ணைக் குறித்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான். அப்புறம் எந்தச் சாக்கில் கதவைத் தட்டுவான்?

அவன் வருகிற நாளில் அவளுக்குத் தலைகால் புரியாது. அவனோ அந்த அறைக்குள் குனிந்து நுழைந்து, ஒவ்வொரு தடவையும் மேல்படியில் மடேரென்று தலையை இடித்துக்கொண்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் வெட்டுத் துணியில் பஞ்சடைத்துக் குட்டித் தலையணை ஒன்று தைத்து, அந்தப் படியின் அடியில் ஆணி அடித்து மாட்டினாள். அடுத்த தடவை அதில் மெத்தென்று இடித்தவன், திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அன்றைக்கு அவள் தைத்த சட்டைக்கு மூன்று கை.

ஆனால் தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டான். "வேலையா உள்ள வர்ற வீட்டுல தண்ணிகூட குடிக்கக் கூடாதுங்க, கம்பெனி ரூல்" என்று என்னவோ தப்பு செய்தவன் மாதிரி சொல்லிவிட்டுப் போவான். ஒரு தடவை மட்டும், மீட்டருக்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து முகம் வெளுத்து, இதை இங்கே வைக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். நம் மேல் என்ன ஒரு அக்கறை என்று அவள் நாலு நாள் தரையில் நடக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் நகர்த்தவில்லை. மறுபடியும் சொல்வான் இல்லையா?

இப்பேர்ப்பட்ட மீட்டரைத்தான் கழற்ற வந்திருக்கிறார்கள். சாவி இல்லாவிட்டால் என்ன, பூட்டை உடைப்போம் என்றான் அண்ணன். அவள் உடனே சட்டம் பேச ஆரம்பித்தாள். பக்கவாட்டுச் சுவரில் ஜன்னல் இருக்கிறது, ஜன்னலை ஒட்டி மீட்டர் வைக்கலாமா? ஃபிட்டர் டேப்பை இழுத்து அளந்துவிட்டு, வாஸ்தவம்தான் என்று தலையைச் சொறிந்தார். பின்சுவரில் கரண்ட் பெட்டி. முன்சுவரில் வைத்தால் அண்ணன் வண்டியைத் திருப்பும்போது கண்டிப்பாக இடிப்பான், அவன் ஓட்டுகிற லட்சணம் ஊருக்கே தெரியும் என்றாள். அண்ணி அதை ஆமோதித்தாள்.

"இந்தப் பொண்ண எங்க கம்பெனியிலயே சேத்துக்கலாம் போலிருக்கே" என்றார் ஃபிட்டர்.

ஜெயித்தாகிவிட்டது என்று அவள் மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர் அந்தக் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"நான் சும்மா திரும்பிப் போனா, மீட்டர் பாக்க வருவாரே அந்தத் தம்பி, அவரு என்னை விடமாட்டாரும்மா. இந்தத் தெருவுலயே முதல்ல உங்க வீட்டு மீட்டரத்தான் வெளிய எடுக்கணும்னு தினம் வந்து என் உயிரை எடுக்கிறாரு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. இந்த வாசலை மிதிக்காமல் தப்பிக்க அவனுக்கு அவ்வளவு அவசரமா? தலையணை வேறு தைத்து மாட்டினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நொந்துகொண்டாள்.

இடுப்பிலிருந்து சாவியை உருவி ஃபிட்டரின் கையில் போட்டாள். "முன்னாடியே வைங்க. வண்டி இடிக்காம ரெண்டு இரும்புக் கம்பிய நட்டுக்கிட்டா போதும்."

காணாமல் போன சாவி இவ்வளவு நேரம் எங்கே இருந்தது என்று அண்ணன் வாயைப் பிளந்தான். அவள் உள்ளே போய்த் தலையணையை ஆணியோடு பிடுங்கித் துணி மூட்டைக்குள் எறிந்தாள். பொழுது சாய்வதற்குள் மீட்டர் வெளிச்சுவரில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அண்ணி அன்றைக்குத்தான் நிம்மதியாக அடுப்பைப் பற்றவைத்தாள்.

அடுத்த மாதம் அவன் வந்தான். பார்க்கவே கூடாது என்று காலையில் சபதம் செய்தவள் திரைச்சீலை ஓரமாக நின்று பார்த்தாள். அவன் மீட்டரைப் பார்த்தான், எண்ணைக் குறித்தான், ஜன்னல் பக்கம் திரும்பாமலேயே அடுத்த வீட்டுக்குப் போனான். அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் உட்கார்ந்து மிஷினை மிதித்தாள். ஊசியில் நூல் கோக்கவில்லை என்பதைத் துணி முழுக்க ஓடி முடித்த பிறகுதான் கவனித்தாள்.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. திறந்தால், அவன். தோளில் பை இல்லை, கழுத்தில் கம்பெனி அட்டை இல்லை. சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

பின்னாலேயே வந்த அண்ணிதான் கேட்டாள்.

"மீட்டர்தான் வெளிய போயாச்சே தம்பி. இனிமே உள்ள உங்களுக்கு என்ன வேலை?"

அவனுடைய காது இரண்டும் சிவந்துவிட்டது. அண்ணிக்குப் பதில் சொன்னான், பார்த்தது என்னவோ அவளை.

"ஒரு வேலையும் இல்லீங்க. அதான் தண்ணி குடிக்க வந்தேன்."