கம்ப்யூட்டருக்கு மூணு தண்ணி

கம்ப்யூட்டர் தலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது.

பரந்தாமன் செருப்பைக் கழற்றவும் மறந்து வாசலிலேயே நின்றார். கள்ளிக்குப்பத்தில் பதினோரு வருஷமாகத் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர். எத்தனையோ ஜாதகக் கோளாறு பார்த்திருக்கிறார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி, சாரைப்பாம்பைச் சுருட்டின மாதிரி சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. மற்ற இரண்டு கம்ப்யூட்டரும் மூன்றடி தள்ளி, பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வரன்களின் போட்டோ இருந்த பென்டிரைவ், ஒரு டம்ளர் மஞ்சள் தண்ணீரில் முழுகிக் கிடந்தது.

"வேம்புலி, இன்னா இதெல்லாம்?"

பெருக்கித் துடைக்கிற வேம்புலியம்மாள் துடைப்பத்தை நிறுத்தாமலே சொன்னாள். "அம்மை கண்டுகீது சார்."

"யாருக்கு?"

"கம்பூட்டருக்கு. நேத்து நெட்டுக்காரரு சொன்னாரே, வைரஸ் பூந்துகிச்சுன்னு. நீதான் ஸ்பீக்கர்ல போட்டுகினு பேசினியே. அம்மையும் வைரஸ்தான்னு ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லிக்கீது."

நெட்டுக்காரர் சொன்னது நிஜந்தான். எவனோ கண்காணாத ஊர்க்காரன் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டரைப் பிடித்துவைத்து, சொந்தக்காரனுக்கே தெரியாமல் வேலை வாங்குகிறானாம். அந்தக் கூட்டத்துக்கு பாட்நெட் என்று பேராம். பரந்தாமனுடையதும் அதில் சேர்ந்து, ஒரே நாளில் அறுபதாயிரம் மெயில் அனுப்பியிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சரி பண்ணாவிட்டால் கனெக்‌ஷன் கட்.

'அறுபதாயிரம் பேருக்குக் கடுதாசி போட்டும் ஒரு வரன் அமையலையே' என்றுதான் பரந்தாமனுக்கு முதலில் தோன்றியது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"நீ எழுந்து போனப்புறமும் ஒடம்பு அனலா கொதிக்குது சார். உள்ளாற காத்தாடி மூச்சு வாங்கிகினே கீது. அதான் யாரும் அண்டாம தனியா வெச்சேன்."

"தொடைக்கிறேன்னு தண்ணியை வுட்டுக் கெடுத்ததே நீதான். கெடுத்துட்டு வேப்பிலை வேற. இன்னியோட நின்னுக்க."

வேம்புலியம்மாள் துடைப்பத்தை நிறுத்தினாள். கள்ளிக்குப்பத்தில் வேலைக்கா பஞ்சம்? ஆனால் முட்டி தேய்ந்துபோன ஐம்பத்தெட்டு வயசுக்கு, மாடிப்படி ஏறாத வேலை இது ஒன்றுதான். துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு நின்றாள்.

பரந்தாமன் மேல்வீட்டு கிருஷ்ணப்பிரியாவைக் கூப்பிட்டார். ஐ.டி. கம்பெனியில் வைரஸ் பிடிக்கிற வேலை பார்ப்பவள். பத்து மாசமாக அவளுக்கு வரன் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த உரிமை.

வந்தவள் வேப்பிலையைப் பார்த்தாள். பிறகு ஆணியைப் பார்த்தாள்.

"ஒயரை யார் அங்கிள் பிடுங்கினது?"

"இதோ, இவதான். வேலையை வுட்டே நிறுத்திட்டேம்மா."

"இதைத்தானே அங்கிள் முதல்ல செய்யணும். நெட்டை அறுத்துவிடணும், மத்த கம்ப்யூட்டர்கிட்ட சேர்க்கக் கூடாது, பென்டிரைவைச் செருகக் கூடாது. எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே ஏழு பேர் இருக்கோம். இவங்க விட்டிருந்தா மத்த ரெண்டும் போயிருக்கும்."

"அப்ப வேப்பிலை?"

கிருஷ்ணப்பிரியா கொஞ்சம் யோசித்தாள். "அது எங்ககிட்ட கிடையாது."

அரை மணி நேரம் உட்கார்ந்து தட்டிப் பார்த்தாள். "ட்ரோஜன்தான். நல்ல சாமான் மாதிரி வேஷம் போட்டு உள்ளே வந்து, பின்கதவைத் திறந்துவிட்டுடும். மொத்தத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்தணும். பாஸ்வேர்டையெல்லாம் வேற கம்ப்யூட்டர்லேர்ந்து மாத்திடுங்க."

"அம்மை எறங்கினா தலைக்கு மூணு தண்ணி ஊத்துவோமே, அதாட்டம்னு சொல்லு" என்றாள் மூலையிலிருந்து வேம்புலியம்மாள்.

"கிட்டத்தட்ட அதேதான் அக்கா."

பரந்தாமனுக்கு மனசு ஆறவில்லை. ஏழு பேர் செய்கிற வேலையை இவள் ஒருத்தி செய்தாளாமே.

"அதெல்லாம் சரிம்மா. எப்படிப் பூந்துச்சுன்னு கண்டுபிடி. துணியை வெச்சு இவ தேய்க்கறப்போ எதையாவது அமுக்கியிருப்பா."

"நேரத்தோட பதிவாகியிருக்கும் அங்கிள். இதோ. செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒண்ணு பத்து. கார் பரிசு விழுந்திருக்குன்னு வந்த ஒரு மெயிலை யாரோ அமுக்கியிருக்காங்க. அந்த நேரத்துக்கு இங்கே யாரு இருந்தா?"

பரந்தாமனுக்கு விக்கல் எடுத்தது. கைக்கு அகப்பட்ட டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். மஞ்சள் தண்ணீர். பென்டிரைவ் பல்லில் இடித்தது.

"நாந்தான் பாப்பா" என்றாள் வேம்புலியம்மாள். "தொடைக்கறப்போ கை பட்டுகிச்சு."

கிருஷ்ணப்பிரியா அவளைப் பார்த்தாள். பரந்தாமனின் மஞ்சள் உதட்டைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் சரி பண்ணித் தருவதாகச் சொல்லி, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். வேப்பிலையை எடுக்கவில்லை.

பரந்தாமனுக்கு விக்கல் நின்றது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய மனசு பண்ணினார்.

"சரி வுடு. தெரியாம செஞ்சுட்ட. இந்த ஒரு வாட்டி மன்னிச்சுட்டேன். போய் வேலையைப் பாரு."

வேம்புலியம்மாள் மாப்பை நனைத்துப் பிழிந்துகொண்டு மேஜையருகே வந்தாள்.

"காலைத் தூக்கு சார்."

தினம் தூக்குகிற மாதிரி இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

அவள் துடைத்தபடியே, தலை நிமிராமல் சொன்னாள்.

"அம்மை எறங்கினா வர்றேன்னு திருவேற்காட்டு ஆத்தாவுக்கு வேண்டிகினு கீறேன் சார். செவ்வாக்கெயம இதே மாதிரி காலைத் தூக்கிகினு அமுக்கினியே, அந்தச் சேப்புக் காரு. அது வந்துச்சுன்னா என்னையும் ஒரு தபா இட்டுகினு போ."