மூன்றரை மணி பெல்

எண்பத்து நான்கை ஏழால் வகுக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் வகுபடவில்லை.

அவள் மகளின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினாள்.

"எத்தன தடவடி சொல்றது? மரமண்டை!"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

மகள் அழவில்லை. ரப்பரை எடுத்து, ஒன்றுமே எழுதாத இடத்தை அழித்துக்கொண்டிருந்தாள்.

அதே சொல். போன வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சர் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் மகள் நறுமுகையை எழுப்பி நிற்கவைத்துச் சொன்ன அதே சொல். இரண்டு நாள் பிள்ளை சோறு தின்னவில்லை. இனி என் பிள்ளையை எவளும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று கொதித்துப்போய் டி.சி. வாங்கி, பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டு, நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன் பார் என்று கிளம்பினாள் அவள்.

எவளும் சொல்லவில்லை. அவளே சொல்லிவிட்டாள்.

இது மூன்றாவது பாடத்திட்டம். முதலாவது பெங்களூரிலிருந்து கலர் கலர் பெட்டியில் வந்தது. அதிலிருந்த களிமண் காய்ந்ததோடு அதன் கதை முடிந்தது. இரண்டாவது, நெட்டிலிருந்து இலவசமாக இறக்கி அச்சடித்தது; பாதித் தாள் பழைய பேப்பர்காரருக்குப் போயிற்று. மூன்றாவது தலையணை கனம். பிரித்தாலே பிள்ளைக்குக் கொட்டாவி வருகிறது.

ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை வேறு. ஏழு மணிக்குச் செடிக்குத் தண்ணீர். ஏழரைக்குப் பாத்திரம் துடைத்தல். அதற்குப் பெயர் வாழ்க்கைக் கல்வி. துடைக்காத பாத்திரம் சிங்க்கில் கிடந்தது. குக்கர் நான்காவது விசில் அடித்தது.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பொறுமை என்று ஒரு பருக்கைகூட அவளிடம் மிச்சமில்லை.

அடுப்பை அணைத்தாள்.

"கெளம்பு. முக்கொம்பு போலாம்."

அதுவும் பாடம்தான். காவிரி இரண்டாகப் பிரிகிற இடம். கேள்வித்தாளைப் போன வாரமே தயார் செய்திருந்தாள். மதகுகள் எத்தனை? கொள்ளிடம் எந்தப் பக்கம்? மொத்தம் பன்னிரண்டு கேள்விகள். ஊர் சுற்றப் போனாலும் விடமாட்டாள் மகராசி.

சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறும்போதே கூட்டம். அவளுக்கு ஒரு சீட்டு கிடைத்தது. மகளுக்கு அதற்குப் பின் சீட்டில், வாழையிலைக் கட்டு வைத்திருந்த ஓர் அம்மாவுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம்.

பஸ் நகர்ந்தது.

"பாப்பா, இன்னிக்கு ஸ்கூலு இல்லையா?"

முதுகுக்குப் பின்னால் இலைக்கட்டு அம்மாவின் குரல்.

வழக்கமான கேள்வி. அதற்கு வழக்கமான பதிலும் உண்டு. 'நான் வீட்ல படிக்கிறேன் ஆன்ட்டி' என்று தலை நிமிர்ந்து சொல்ல அவள் மகளைப் பழக்கி வைத்திருந்தாள்.

"இருக்கு. இன்னிக்கு மட்டும் லீவு."

அவள் திரும்பவில்லை.

"மிஸ்ஸு அடிப்பாங்களா?"

"அடிக்க மாட்டாங்க. கத்துவாங்க. காலைலகூட கத்துனாங்க."

"அடிப் பாவமே. அப்ப உனக்கு ஸ்கூலு புடிக்கலையா?"

"புடிக்கும்." மகளின் குரல் திடீரென்று கலகலத்தது. "மூணரைக்கு பெல் அடிச்சிருவாங்கள்ல? அடிச்சதும் வீட்டுக்கு ஓடிருவேன். வீட்ல அம்மா இருப்பாங்க."

முன் சீட்டுக் கம்பியை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பத்து மாதமாக அந்த வீட்டில் பெல் அடித்ததில்லை. சாப்பிடும்போது வாய்ப்பாடு. குளிக்கும்போது தலைநகரங்கள். படுத்த பிறகும் நாளைக்கு என்ன பாடம் என்ற பேச்சு.

"மிஸ்ஸு கத்துனத அம்மாட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல. வீட்டுக்குப் போய்த்தான் சொல்லணும்."

"சொல்லு சாமி. அம்மாட்ட சொன்னா எல்லாம் சரியாப் போவும்."

இலைக்கட்டு அம்மா ஜீயபுரத்தில் இறங்கிக்கொண்டார். அதன் பிறகும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்புவது?

முக்கொம்பு.

பாலத்தடியில் தண்ணீர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மகள் பென்சிலோடு பக்கத்தில் வந்து நின்றாள். கேள்வித்தாளுக்காகக் கையை நீட்டினாள்.

அவள் தாளை வெளியே எடுத்தாள். நான்காக மடித்தாள். திரும்பப் பைக்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"பெல் அடிச்சாச்சு," என்றாள்.

மகள் அவளுடைய கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இதுவும் ஏதோ கேள்வியாக இருக்குமோ, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பார்வை. அந்தப் பார்வை அவளைச் சுட்டது.

"நெசமாவா?"

"நெசமா."

பென்சில் கவுன் பாக்கெட்டுக்குள் போனது.

கொஞ்ச நேரம் இருவரும் மதகுகளைப் பார்த்தார்கள். எண்ணவில்லை.

ஒரு சின்னக் கை வந்து அவள் சுண்டுவிரலைப் பிடித்தது.

"அம்மா."

"என்னடா?"

"இன்னிக்கு மிஸ்ஸு என்னைய மரமண்டைன்னு சொல்லிட்டாங்கம்மா."