கன்னத்தின் உட்புறம்

தம்பி கீத் அந்த உறையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான், தேநீர்க் குவளைக்கும் ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டும் குழாய்க்கும் நடுவில்.

உள்ளே ஒரு பஞ்சுக் குச்சி. கன்னத்தின் உட்புறம் ஒரு நிமிடம் தேய்த்து, குப்பியில் போட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற வாய், திறப்பதற்கே கீலில் எண்ணெய் விடணும் என்றாள் என் மனைவி பிரெண்டா, என்னைப் பார்த்து.

கீத் சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பப் பெயர் ஆஷ்கில். அது முதலில் எங்கள் பண்ணைக்கு மேலே இருக்கிற ஓடைப் பள்ளத்தின் பெயர். அங்கே குடியிருந்தவன் மேல் ஒட்டிக்கொண்டது. கனடாவில் மரம் அறுப்பவன், டாஸ்மேனியாவில் பள்ளிக்கூடம் நடத்துகிறவன், உலகத்தில் ஆஷ்கில் என்று கையெழுத்துப் போடுகிற அத்தனை பேரும் அந்த ஒருவனின் வழி.

இதைக் கண்டுபிடித்தது என் தம்பி.

முப்பத்தொரு வருடம் குவாரியில் ஸ்லேட் கல் பிளந்தவன். என்னைப் போலவே பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். வேலை முடிந்து, தூசி இருமலோடு உட்கார்ந்து, தானாகவே லத்தீன் கற்றுக்கொண்டு, பழைய வரிச் சுருள்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தான். அறுநூற்றுத் தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய சுருள் ஒன்றில் ராபர்ட் என்ற அந்த முதல் ஆளைப் பிடித்த அன்று, நான் ஆட்டுக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு ஓடி வந்து, சேற்றில் நின்றபடி அழுதான்.

கல் பிளக்கிறவன் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

நாற்பத்தொரு ஆண்கள் எச்சில் அனுப்பினார்கள். அப்பன் வழியை மட்டும் பார்க்கிற சோதனை. நாற்பது பேருக்கு ஒத்துப்போனது.

ஒத்துப்போகாத ஒருவன் கீத்.

"நீயும் தேய்ச்சுக் குடு, நார்மன். உனக்கும் ஒத்துப்போகலேன்னா, தப்பு எந்தப் பாட்டன் காலத்துலயோ நடந்ததுன்னு விட்டுடலாம். உனக்கு ஒத்துப்போச்சுன்னா, அது நான்தான். இந்தப் பேரக் கழட்டி வெச்சிட்டுப் போயிடறேன்."

ஆகஸ்டில் நாற்பது பேரும் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களை ஓடைக்கு அழைத்துப்போக வேண்டியவன் அவன். பழுது தன்னிடம்தான் என்று தெரிந்தால் அன்று ஊரிலேயே இருக்கமாட்டான். அதற்குப் பிறகும் வரமாட்டான்.

சொன்னால் செய்கிற ஆள். ஒரு வருடம் பனியில் எங்கள் ஆடுகள் புதைந்தபோது, போதும் வா என்று நான் மண்வெட்டியைப் போட்ட பிறகும் இரண்டு பகல் தோண்டினான். பதினேழு ஆடுகளை உயிரோடு எடுத்தான். பண்ணை என் பெயரில் இருந்தது. ஆடுகளும் என்னுடையவை.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேய்க்க வேண்டும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. அதைக் காட்டி, அப்புறம் தேய்த்து நானே தபாலில் போட்டுவிடுகிறேன் என்றேன். அவன் எதிரிலேயே கையெழுத்தும் போட்டேன்.

அவன் போனதும் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு குன்றேறினேன்.

மேல் சுவருக்கு அப்பால் எர்னஸ்ட் மௌன்சியின் பண்ணை. எண்பத்தாறு வயது, தனி ஆள். அவருடைய ஆடு எங்கள் பக்கம் வந்தால், காதுக் குறியைப் பார்த்து அவர் பட்டிக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவேன். எங்கள் ஆட்டுக்கு அவரும் அப்படித்தான். ஐம்பத்தெட்டு வருடமாக எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது.

வாசற்படியில் உட்கார்ந்து நாய்க்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

குச்சியை நீட்டினேன்.

"கீத்துக்காக வேணும். வாயத் திறங்க."

இந்தச் சோதனையைப் பற்றிக் கீத் சர்ச் கூடத்தில் பேசாத வாரம் இல்லை. மௌன்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குப்பியில் இருந்த என் பெயரைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"பையனுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்கத்தான்."

பல் செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தார்.

எனக்கு எட்டு வயதாகிற வருடம், டிராக்டர் கவிழ்ந்து இடுப்பு முறிந்து, அப்பா பத்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வைக்கோல் அடைக்க உதவிக்கு வந்தவர் மௌன்சி. களஞ்சியத்து ஏணியில் பாதி ஏறியபோது நான் பார்த்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் வீடு திரும்பிய அன்று அம்மா ஆறு மாத வயிற்றோடு வாசலில் நின்றாள். எந்த ஆடு எந்த நாளில் ஈனும் என்று விரல் விட்டுச் சொல்கிற மனிதருக்கு மாதம் எண்ணத் தெரியாதா?

பிள்ளை பிறந்ததும் ஊன்றுகோலோடு ஆறு மைல் நடந்து பதிவு அலுவலகத்துக்குப் போய், தகப்பன் என்ற இடத்தில் தன் பெயரைக் கொடுத்து எழுதி வைத்துவிட்டு வந்தார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இனி நானும் ஒத்துப்போகாதவன். எங்கள் இருவரையும் ஒன்றாக வெட்டி வம்ச மரத்தின் ஓரத்தில் வைப்பார்கள். பெயர் பிறந்த பண்ணையிலேயே அந்த ரத்தம் இல்லை என்று கனடாக்காரர்கள் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். ஓடைக்குப் போகிற கூட்டத்தில் என் தம்பி முன்னால் நடப்பான்.

அறுபதுவரை எண்ணித் தேய்த்தேன். குப்பியை மூடி உறையில் போட்டேன்.

ஒட்டுவதற்கு நாக்கை நீட்டியவன், நிறுத்திக்கொண்டேன். என் எச்சில் அதில் ஒரு துளி படக்கூடாது.

உறையை அவரிடமே கொடுத்தேன். பல் இல்லாத வாயால் ஓரத்திலிருந்து ஓரம்வரை நிதானமாக நக்கி ஒட்டினார்.