இரும்புக் கால்கள்

மன உறுதி உள்ளவனுக்கு வயது ஒரு பொருட்டே அல்ல. மூடிப்போன இரும்புச் சுரங்கத்திலிருந்து காட்டுக்குள் இறங்கும் சைக்கிள் பாதையின் முடிவில், மனைவிக்காகக் காத்திருந்தபோது தலைமைக் கணக்கர் இதைக் கண்டுபிடித்தார். கார், லாரி எதுவும் வராத அந்தப் பாதையில் அவர் கால்கள் காற்றாடியாகச் சுழன்றிருந்தன.

மனைவி தன் சைக்கிளில் வந்து இறங்கினாள். “முதல் வளைவுலயே கூப்பிட்டேன், நீங்க காதுலயே வாங்கல.”

“ஜெயிச்சாச்சு! பந்தயப்படி, ஜிம்முல சேருங்கன்னு இனிமே நீ வாயே திறக்கக் கூடாது.”

“கஷ்டமாவே இல்லையா?”

“மிதிக்கிறதே தெரியலடி!”

“எப்படித் தெரியும்? அந்தக் காலத்துல தாது வண்டியெல்லாம் இன்ஜினே இல்லாம தானா உருண்டு வந்த சரிவு இது.”

“இருக்கட்டுமே. மிதிச்சது நான்தானே?”

அவள் கைக்குட்டையைப் பிரித்து நீட்டினாள்.

உள்ளே அவருடைய சைக்கிள் செயின் இருந்தது. முதல் வளைவிலேயே அறுந்து விழுந்திருந்தது.